மூன்றாவது வரிக்கு முன் ஓர் இருமல்

டாலினில் நவம்பர்.
நான்கு மணிக்கே தெருவிளக்குகள்.
கடைக்கு வெளியே வளைவில் டிராம் திரும்பும்போது
தண்டவாளம் எழுப்பும் கீச்சொலியின் மேல்பாதி
எனக்குக் கேட்காமல் போய் ஐந்து வருடம்.
முதலாளிக்குத் தெரியாது.

பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே
என் காதுகளைப் பனி மூடிவிட்டது.
ஆனாலும் தினமும் சொல்கிறேன்:
"உச்சத்தில் மின்னும், ஆனால் குத்தாது."
முழுப்பொய் இல்லை,
கேட்பவர்களின் முகத்தில் படித்ததைத்தான் சொல்கிறேன்.
புருவம் ஏறினால் மின்னுகிறது.
கண் சுருங்கினால் குத்துகிறது.

லீவி வந்தாள், கோட்டுத் தோள்களில் ஈரப்பனியோடு.
துறைமுகச் சுங்கத்தில் கணக்கு எழுதுபவள்.
மற்றவர்கள் சோதித்துப் பார்க்கக் கொண்டுவருவது
ஆழ்கிணற்றில் விழும் பேஸ் கிடாரை,
அல்லது உடைகிற கண்ணாடிபோல் ஒரு பித்தளைத் தட்டை.
அவள் கைபேசியை நீட்டினாள்:
போன மாதம் தேவாலயத்தில் பாடிய அவளுடைய குழு,
நாற்பத்திரண்டு தொண்டைகள்.

முதல் ஹெட்போன் மூடிய வகை.
காதுக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டியதுபோல் இதம்.
"எள் விழ இடமில்லாமல் நிற்கிறோம்" என்றாள்,
"ஆனால் யாரும் யார் காலையும் மிதிக்கவில்லை."

இரண்டாவதற்கு முதுகு திறந்திருக்கும்.
சுவர்கள் விலகிப்போயின, கூரை உயர்ந்தது,
ஆனால் தலைப்பட்டை உச்சந்தலையில் ஒரே இடத்தைக்
கடன்காரன் விரல்போல் தட்டிக்கொண்டே இருந்தது.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள்,
மறுபடி கழற்றி மேசையில் வைத்தாள்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஒயர் நன்றாக இருந்தது.

நான்காவது பூட்டிய அலமாரியில் இருப்பது.
நானூற்றெழுபது கிராம்.
விலை என் நான்கு மாதச் சம்பளம்,
வரி பிடித்தது போகப் பார்த்தால் ஐந்து.
உள்ளே இரண்டு காந்த வரிசைக்கு நடுவில்
முடியைவிட மெல்லிய ஒரு சவ்வு.
தலையில் வைத்தாள்.
கழுத்து கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தது.

நாற்பது நொடி.
நான் படிக்கக் கற்ற ஒரே புத்தகத்தில்
இந்தப் பக்கம் எழுத்துக்கூட்டியும் புரியவில்லை.
புருவம் ஏறவில்லை, கண் சுருங்கவில்லை,
சட்டைக் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு
மெல்ல மேலேறித் தாடையில் நின்றது.

"அந்த இருமல்" என்றாள்.
"எது?"
"மூன்றாவது வரிக்கு முன். நான்தான்.
முதல் ஹெட்போனில் அது
யாரோ நாற்காலி நகர்த்திய சத்தம்.
இரண்டாவதில் கடைசி வரிசையில் ஒரு கிழவர்.
இதில் நான், சந்தேகமே இல்லாமல் நான்.
பக்கத்தில் நின்ற உர்வே
மூச்சை இழுத்து நிறுத்துவதுகூடக் கேட்கிறது.
தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று
அன்று ராத்திரி சத்தியம் செய்தாள் அவள்."

என்னிடம் தந்தாள்.
பாட்டு வந்தது. இருமல் வந்தது,
சின்னது, கைக்குட்டைக்குள் மடித்து வைத்தது.
உர்வேயின் மூச்சுக்காகக் காத்திருந்தேன்.
பனி.
பனிக்குள் பாட்டு தொடர்ந்து நடந்தது.

"கேட்கிறதா?"
"தெளிவாக" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
இத்தனை வருடம் நான் பார்த்த மாதிரியே.
புருவத்தை, பிறகு கண்ணை.
ஒன்றும் சொல்லவில்லை.
ஹெட்போனை வாங்கி, ஒயரைச் சுற்றி,
அலமாரிக்குள் அவளே வைத்தாள்.

முதலாவதைப் பொட்டலம் கட்டச் சொன்னாள்.
"இதோடு நான்கு மணி நேரம் உட்காரலாம்" என்றாள்,
"கழுத்தும் வலிக்காது, உர்வேயும் வலிக்கமாட்டாள்."

அட்டையைத் தேய்த்தேன்.
கழுத்துத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு
கதவில் கை வைத்தவள் நின்றாள்.
வெளியே வளைவில் ஒரு டிராம்.
"அது கீச்சிடுவது?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"பாதி" என்றேன்.